பிடித்தம் என்னும் பெருங்கொடை

தொண்டைமண்டலம் சான்றோருக்குப் பேர்போனது. அந்தப் பேர் நடுவில் கொஞ்சம் மங்கிவிட்டதோ என்று கவலைப்படுகிறவர்கள் அருள்கூர்ந்து ஒரு நாள் காலையில் நெமிலிச்சேரி ரயில் நிலையத்து நடைமேடையில் வந்து நிற்கவேண்டும். திருவள்ளூர்ப் பக்கமிருந்து வரும் மின்வண்டியில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் சாப்பாட்டுப் பையையும் பிடித்துத் தொங்கியபடி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகிறார்களே, அவர்கள் ஒவ்வொருவரும் கொடைவள்ளல்கள். சிலருக்கு அந்தச் செய்தி சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகே தெரியவருகிறது. கொடுப்பது தனக்கே தெரியாமல் கொடுப்பதைவிட மேலான கொடை உலகத்தில் உண்டா?

இவர்களை இப்படி ஆக்கிய புகழ் முழுவதும் நம் வட்டாரத்துக் கம்பெனி ஒன்றின் மனிதவளத் துறையைச் சேரும். பெயரைச் சொல்லமாட்டேன். விளம்பரம் அறவே பிடிக்காத உள்ளங்கள். வாசலில் கட்டிய ஃபிளெக்ஸைக்கூட இருபது அடியோடு நிறுத்திக்கொண்டார்கள் என்றால் அடக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோழர் காலமாக இருந்தால் மெய்க்கீர்த்தி எழுதிக் கல்லில் வெட்டியிருப்பார்கள். இப்போது கல்தச்சரும் இல்லை, அவ்வளவு பெரிய கல்லும் இல்லை. ஆகவே அடியேன் இந்தக் காகிதத்தில் முயல்கிறேன்.

நாடெங்கும் அக்டோபர் 2ஆம் தேதியிலிருந்து 8ஆம் தேதி வரை 'தான் உத்சவ்' என்ற பெயரில் ஈகை வாரம் கொண்டாடுகிறார்கள். அந்த வாரத்தை ஒட்டித்தான் நம் பெருந்தகைகளின் சுற்றறிக்கை நோட்டீஸ் போர்டில் மலர்ந்தது. "அன்பார்ந்த குடும்ப உறுப்பினர்களே" என்று தொடங்கியது. போனஸ் பேச்சுவார்த்தையின்போது 'தொழிலாளர் தரப்பு' என்றும், உள்விசாரணையின்போது 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றும் அழைக்கப்படுகிற அதே ஆட்கள், கொடை என்று வந்ததும் ஒரே நொடியில் குடும்பமாகிவிட்டதைக் கண்டு கண்ணீர் மல்காதவர் யார்! ஒரு நாள் சம்பளம் நற்பணிக்கு. விருப்பமுள்ளவர்கள் எதுவும் செய்யவேண்டாம். விருப்பமில்லாதவர்கள் மட்டும் எச்.ஆர். அறைக்கு நேரில் வந்து, காரணத்தை எழுதி, துறைத் தலைவரின் கையெழுத்தையும் வாங்கித் தரவேண்டும்.

இதில் உள்ள கருணையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கொடுக்கிறவன் பாவம், ஏற்கெனவே கொடுக்கிறான். அவனை 'சம்மதம்' என்று எழுதச் சொல்லி வேறு வருத்துவதா? கொடுக்காதவனுக்குத்தான் வேலை வைக்கவேண்டும். அவனும் துறைத் தலைவரின் மேசை முன்னால் நின்று, "சார், பொண்ணுக்கு ஸ்கூல் பீஸு கட்டணும் சார்" என்று இன்னும் நாலு பேர் காதில் விழும்படி சொல்லும்போது அவனுடைய ஆணவ மலம் முற்றாகக் கழிந்துவிடுகிறது. சைவ சித்தாந்திகள் எத்தனை பிறவி எடுத்துப் போக்கவேண்டும் என்று சொன்னார்களோ, அது இங்கே மதிய உணவு இடைவேளைக்குள் முடிகிறது.

இந்த நுட்பத்தை முதலில் கண்டவர்கள் என்ற பட்டத்தை மட்டும் நம்மவர்களுக்குச் சூட்ட முடியவில்லை. 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டபோது, தர விரும்பாதவர்கள் அதை எழுதிக் கொடுக்கவேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வழக்குப் போனது. உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. நீதிபதிகளுக்குக் கவியுள்ளம் குறைவு. 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் அப்படித்தான். எதை எதையெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று எண்ணி எண்ணிச் சொன்ன அந்தச் சட்டம், பிரதமர் நிவாரண நிதிக்குப் பிடிப்பதானால்கூடத் தொழிலாளி எழுத்தில் ஒப்புதல் தரவேண்டும் என்று வறட்டுத்தனமாகக் கேட்டது. அவன் மௌனத்திலேயே ஒப்புதலைப் படித்துக்கொள்ளும் உள்ளுணர்வு ஒரு சட்டப் புத்தகத்துக்கு எங்கிருந்து வரும்!

சங்க காலத்துக் குமணனை இன்றும் புகழ்கிறோம். கொடுக்க ஒன்றுமில்லாமல் காட்டில் இருந்தபோது, பாடிவந்த புலவரிடம் தன் தலையை எடுத்துக்கொள்ளச் சொன்னான் என்று நெகிழ்கிறோம். நிதானமாக யோசித்தால் அதில் பெரிய வீரம் ஒன்றுமில்லை. தலை அவனுடையது. தன்னுடையதைத் தருவதில் என்ன மனப்போராட்டம் இருக்கப்போகிறது? இன்னொருவன் பன்னிரண்டு கிலோமீட்டர் ரயிலில் தொங்கி வந்து சம்பாதித்ததை, அவன் வீட்டு அரிசிக் கணக்கு தெரிந்திருந்தும், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் எடுத்து வழங்குவதற்கு வேண்டிய நெஞ்சுரம் குமணனுக்கு இருந்திருக்காது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவர்களை நம் முன்னோர் கேலிசெய்தார்கள். பிள்ளையார் ஒருநாளும் குறை சொன்னதில்லை என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

சம்பளச் சீட்டு ஒன்றை ஒரு நண்பர் காட்டினார். மாதம் 18,000 ரூபாய்க்காரர். அந்த அரைத் தாளில் எவ்வளவு அழகு! மேலே வருங்கால வைப்பு நிதி. அடுத்து ஈ.எஸ்.ஐ., 0.75 விழுக்காடு, 135 ரூபாய். பிறகு கேன்டீன், பஸ். அதற்குக் கீழே, 'நற்பணி' என்ற ஒரு சிறிய சொல்லுக்கு எதிரே 692. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் வருகிற தொகை, பைசாவை மட்டும் தள்ளிவிட்டு. ஈ.எஸ்.ஐ. வரியில் ஒரு கொடுமை இருக்கிறது: தொழிலாளி 0.75 போட்டால் கம்பெனி 3.25 போட்டாகவேண்டும், நாலு மடங்குக்கும் மேல். சட்டம் செய்த அநியாயம். நற்பணி வரியில் அப்படிப்பட்ட அநியாயத்துக்கு இடம் வைக்கவில்லை. தொழிலாளி 692, கம்பெனி ஆசிர்வாதம்.

"அப்படியானால் கம்பெனி தன் பங்குக்கு ஒன்றும் தருவதில்லையா?" என்று கேட்கும் பாவிகள் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது. நம் முதலாளியோ எளிமையின் வடிவம். ஒரே கூரை, ஒரே கேட், ஒரே வாட்ச்மேன், ஆனால் மூன்று கம்பெனிகள். ஒன்று அண்ணன் பேரில், ஒன்று தம்பி பேரில், ஒன்று அம்மா பேரில். எதன் லாபமும் அந்த ஆடம்பரமான ஐந்து கோடியைத் தொடுவதில்லை, வாசற்படி வரை போய்ப் பணிவோடு நின்றுவிடுகிறது. தொழிலாளிக்குத்தான் இந்தப் பணிவு கிடையாது. அவனுக்கு வரம்பும் இல்லை, வாசற்படியும் இல்லை. முதல் ரூபாயிலிருந்தே வள்ளல்.

விழாவைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். ஆள் உயரத்துக்குத் தெர்மோகோலில் காசோலை. அதைத் தூக்கிப் பிடிக்க நாலு பேர். நால்வரும் அதே 692 ரூபாய்க்காரர்கள், ஆனால் காசோலை பெரிது என்பதால் முகம் மறைந்துவிட்டது. புகைப்படத்தில் தெரிவது முதலாளியின் திருமுகமும் பத்து விரலும்தான். அந்த ஆண்டு நற்பணி, கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு வழங்குவது. எத்தனை பொருத்தமான தேர்வு! பவர் பிரஸ் நூற்றுக்கணக்கில் ஓடுகிற வட்டாரம் இது. டைக்குள் தகட்டை வைத்த பிறகு இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கவேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காது. ஆனால் உற்பத்தியும் அந்த அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், ஒரு பொத்தானை டேப் ஒட்டி நிரந்தரமாக அழுத்திவைத்திருக்கிறார்கள். இப்படிக் கொடைக்கு வேண்டிய தேவையையும் தேவைக்கு வேண்டிய கொடையையும் ஒரே வளாகத்தில் உற்பத்தி செய்யும் தன்னிறைவை வேறு எந்தத் தொழிற்பேட்டையில் காண்போம்?

ரசீது கம்பெனி பேரில் வந்தது. அதுவும் தொலைநோக்குத்தான். வருமான வரி வரம்பையே எட்டாதவனுக்கு 80ஜி ரசீதால் என்ன பயன்? கிழித்துப் போட்டுவிடுவான். காகிதம் மரத்திலிருந்து வருகிறது.

நெமிலிச்சேரிக்கு அடுத்த நிலையம் திருநின்றவூர். அந்த ஊர்ப் பூசலாரைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். சிவனுக்குக் கோயில் எழுப்ப ஆசை, கையில் காசில்லை. ஊர் ஊராய்க் கேட்டும் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, கல் கல்லாய் அடுக்கிக் கட்டி முடித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் வந்து, நாளை பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளிவை என்றான். மன்னன் நின்றவூருக்கு வந்து கோயில் எங்கே என்று தேடினான் என்பது கதை. இன்றும் அங்கே இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது.

பூசலார் பெரியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குத் திட்ட மேலாண்மை போதவில்லை. நெடுங்காலம் மனத்தை வருத்தினார். நம் மனிதவளத் துறையினர் பள்ளிக் கழிவறை, நூலகம், குடிநீர்த் தொட்டி, மரக்கன்று ஐயாயிரம் ஆகிய அனைத்தையும் ஒரே பிற்பகலில், இருபத்திரண்டு ஸ்லைடுகளில் கட்டி முடித்தார்கள். பூசலாரின் கோயில் இறைவன் ஒருவனுக்குத்தான் தெரிந்தது. இது தலைமை அலுவலகம், கிளை அலுவலகம், லிங்க்டின் என எங்கும் தெரிந்தது. மரக்கன்றுகளைத் தேடி யாராவது மன்னன் நெமிலிச்சேரிப் பக்கம் வந்தால்தான் கொஞ்சம் சங்கடம்.

முந்தைய காலத்து ஈகை எவ்வளவு நாகரிகமற்றது என்பதை இளைய தலைமுறை அறியவேண்டும். டிசம்பர் 7 கொடிநாளுக்கு 1949 முதல் உண்டியல் குலுக்குகிறார்கள். சட்டைப் பையில் ஒரு சின்னக் கொடியைக் குத்திவிட்டு உண்டியலை நீட்டுவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்பது உண்டியலுக்கே தெரியாது. அஞ்சு ரூபாய் போட்டவனும் ஐம்பது போட்டவனும் ஒரே கொடியோடு நடப்பார்கள். இப்படிக் கணக்கில்லாமல் கொடுத்தால் துறைவாரியாக யார் பின்தங்கியிருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைவிடக் கேவலமான வழக்கம் ஒன்று பிரஸ் ஷாப்பில் இருந்தது. யாராவது ஒருவர் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்றால், பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மேலே அவர் பெயரை எழுதி, மிஷினுக்கு மிஷின் கைமாற்றி விடுவார்கள். அப்படி ஒரு தாளை நான் பார்த்திருக்கிறேன். ஓரமெல்லாம் ஆயில் கறை. கோணல்மாணலான எழுத்து. 50, 100, 50, 50. ஒரு ஹெல்பர் 20 என்று எழுதி அடித்துவிட்டு 30 என்று மாற்றியிருந்தார். ஓரிடத்தில் 'பேர் வேணாம் – 200'. கடைசியில் யாரோ கூட்டல் போட்டு, தப்பாகி, மறுபடி போட்டிருந்தார்கள். பேனர் இல்லை, புகைப்படம் இல்லை, ஒரு வரவேற்புரைகூட இல்லை. டீ நேரத்தில் பணத்தை மடித்து அந்த ஆளின் சட்டைப் பையில் திணித்தார்களாம். அவர் "வேணாண்ணே" என்றாராம். "சும்மா வெச்சிக்கடா" என்றார்களாம். அவ்வளவுதான், விழா முடிந்தது! பெயரில்லாத இருநூறு ரூபாயை ஆண்டறிக்கையில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது?

நல்லவேளை, மனிதவளத் துறை விழித்துக்கொண்டது. வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் பணம் திரட்டுவது கம்பெனி நிலையாணைப்படி ஒழுங்கீனம் என்று நோட்டீஸ் ஒட்டி, அந்தத் தாளையும் பறிமுதல் செய்தார்கள். ஈகை இனி ஒழுங்குக்கு வந்துவிட்டது.

இவ்வளவு கொடுத்தவர்களுக்குக் கம்பெனி ஒன்றும் திருப்பித் தரவில்லை என்று யாரும் பழிக்கக்கூடாதே. ஆகவேதான் கிண்ணங்கள் வந்தன.

தொழிலாளர்களிடையே மன அழுத்தம் இருப்பதாக ஒரு கூகுள் படிவத்தின் வழியே கண்டறியப்பட்டது. காரணம் என்ன என்ற கேள்விக்கு எழுதிய பதில்களைப் படித்து மனம் கனத்த பெருந்தகைகள், அந்தக் கேள்வியை அடுத்த படிவத்திலிருந்து நீக்கினார்கள். பிறகு சென்னை நகரத்துக்குள்ளிருந்து ஒலிவைத்தியர் ஒருவரை அழைத்தார்கள். கான்பரன்ஸ் ஹாலில் மேசைகளை நகர்த்தி, பாய் விரித்து, ஏ.சி.யை 22இல் வைத்து, ஏழு வெண்கலக் கிண்ணங்களை வரிசையாக அடுக்கினார்கள். துணி சுற்றிய கோலால் விளிம்பில் தட்டினால் 'ஓம்ம்ம்' என்று நீளமாக இழுக்கும். வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி என்று சொல்லி அந்த ஓசையை ஏளனம் செய்தே பழகிவிட்டது நம் சமூகம். அந்த யானை சிகிச்சை கொடுக்க வந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டு முப்பது பேர் மல்லாந்து படுத்தார்கள். வைத்தியர் மைக்கில் குழைந்தார்: "உங்க ஸ்ட்ரெஸ் எல்லாம் மூச்சோட வெளிய போவுது… விடுங்க… எல்லாத்தையும் விடுங்க…" பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "மேடம், போன மாச ஓ.டி. இன்னும் விடலீங்களே." தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 59, மிகைநேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்றது. இந்த உலகியல் பற்றையெல்லாம் கேள்விப்பட்ட எச்.ஆர். மேடம் கொஞ்சமும் கோபிக்கவில்லை. "தம்பி, அதெல்லாம் நெகட்டிவ் எனர்ஜி. இங்க கொண்டுவராதீங்க" என்று தாய்மையோடு சொன்னார்.

ஒலியின் சிறப்பை அடியேன் ஐயுறுபவன் அல்ல. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிக்கு இதமான இசையைப் போட்டால் பதற்றம் குறைகிறது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அங்கே இசைக்குப் பிறகு அறுவைச் சிகிச்சையும் செய்யவேண்டியிருக்கிறது. இங்கே அந்த அலைச்சல் இல்லை, இசையோடு முடிந்தது.

கிண்ணங்களுக்குப் பிறகு 'பைனாரல் பீட்ஸ்'. ஒரு காதில் 400 ஹெர்ட்ஸ், மறு காதில் 410 ஹெர்ட்ஸ் என்று தனித்தனியே கொடுத்தால், அவற்றின் வித்தியாசமாகிய அந்தப் பத்து அதிர்வு மூளைக்குள் துடிப்பாகக் கேட்கும். ஹெய்ன்ரிஷ் டோவ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 19ஆம் நூற்றாண்டில் கண்டது. இரண்டு காதுக்கும் இரண்டு ஒலி போகவேண்டும் என்பதால் ஹெட்போன் இல்லாமல் நடக்காத காரியம் அது. டோவுக்குப் பட்ஜெட் என்ற ஒன்று தெரியாது. நம்மவர்கள் முப்பது பேருக்கும் சேர்த்து மூலையில் ஒரே ஒரு ஸ்பீக்கரை வைத்து, இரண்டு ஒலியையும் காற்றிலேயே கலந்து, அறிவியலையும் எளிமைப்படுத்திவிட்டார்கள். நிறைவாக நீலாம்பரி. தாலாட்டுக்கென்றே ஆன ராகம். இரண்டாவது ஷிப்ட் தொடங்குவதற்குக் கால்மணி நேரம் முன்பு அதைப் போட்டு, கண்கள் செருகும் பதத்தில் ஆபரேட்டர்களை எழுப்பி, டேப் ஒட்டிய பொத்தானுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். செயற்கை உறுப்புத் திட்டம் அடுத்த ஆண்டும் தொடரும் என்று அறிகிறேன்.

சத்தத்துக்குச் சத்தமே மருந்து என்பது இவர்கள் உலகுக்குத் தந்த கொள்கை. பாமரர்கள் வேறு மாதிரி யோசிப்பார்கள். பிரஸ்ஸுக்கு அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் மெத்தை போடலாம், மிஷினைச் சுற்றிக் கூண்டு கட்டலாம், தேய்ந்த டையை மாற்றலாம், காதுக்கு நல்ல அடைப்பான் தரலாம் என்பார்கள். தொழிற்சாலை விதிகளும் அதே பாமரத்தனத்தோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன: 90 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்கலாம், 95 ஆனால் நாலு மணி நேரம், 100 ஆனால் இரண்டே மணி நேரம் என்று. சத்தத்தால் காது கேளாமற்போவதை, மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாகவேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் வேறு சேர்த்து வைத்திருக்கிறார்கள். கம்பெனியில் சத்தத்தை அளந்து அப்படியெல்லாம் யாரையும் பயமுறுத்துவதில்லை. மீட்டர் பேட்டரி தீர்ந்து வெகுநாள் ஆகிறது.

பிரஸ் ஷாப்பில் நீண்ட காலம் நின்ற காது முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஓசைகளை. உட்செவியில் இருக்கும் நுண்மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. குயில் சத்தம் போகாது, கடிகார டிக் டிக் போகும். பேச்சுக் கேட்கும், என்ன பேச்சு என்று புரியாது. ச, ஷ, த எல்லாம் ஒன்றாகிவிடும். வீட்டில் டி.வி.யைக் கூட்டி வைப்பார்கள், மனைவி குறைப்பார், சண்டை வரும். மூத்த ஆபரேட்டர்கள் பலருக்கும் கிண்ணத்தின் அடியோசை மட்டுமே எட்டியது, அதன் மேலே மினுங்கும் கிணுகிணுப்பு எட்டவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நம்மவர்கள் வீண்செயலுக்கு உவமை சொன்னார்கள். ஊதியம் வாங்குகிறவர் ஊதுகிறவர்தான் என்னும்போது அது எப்படி வீண்செயலாகும்?

வேலை நேரத்தைக் குறைத்தால் அழுத்தம் குறையுமே என்ற குதர்க்கமும் எழுகிறது. நம் சட்டமன்றமே 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றிப் பெருமை தேடிக்கொண்டது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கூச்சல் போட்டதில் சில நாளிலேயே அதை நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவிக்கவேண்டியதாயிற்று. அந்தக் கூச்சலையும் ஒரு ஒலிவைத்தியமாகக் கருதலாமோ என்னவோ. அதற்கு மட்டும் கிண்ணம் தேவைப்படவில்லை.

வீடு திரும்பினாலும் வைத்தியம் நிற்பதில்லை என்பது நெமிலிச்சேரிவாசிகள் செய்த புண்ணியம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை நம் தலைமாட்டில்தான் போகிறது. எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஏர்ஹாரன் அடித்துச் செல்கின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்குமேல் 45 டெசிபல்தான் இருக்கலாம் என்று 2000ஆம் ஆண்டு விதிகள் சொல்வதை அந்த ஓட்டுநர்கள் யாரும் படித்ததாகத் தெரியவில்லை, அவர்களுக்கும் பாவம் ஷிப்டுதான். பக்கத்தில் பட்டாபிராமில் 2024இல் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கும் அங்கே அழுத்தம் உண்டாம். கிண்ணத்துக்குப் பெரிய எதிர்காலம் இருக்கிறது.

முகாமின் நிறைவு விழாவில் 'சிறந்த ஆழ்நிலைச் செவிமடுப்பாளர்' என்று ஒரு கேடயம் வழங்கினார்கள். பிரஸ் ஷாப்பில் இருபத்தெட்டு ஆண்டு நின்ற மூத்த ஆபரேட்டர் ஒருவருக்கு. மற்றவர்கள் நெளிந்தார்கள், இருமினார்கள், போனைப் பார்த்தார்கள். அவர் ஒருவர்தான் தட்டிய தட்டு ஒன்றுக்கும் இமைகூட அசைக்காமல் கடைசிவரை கிடந்தாராம். இப்படி ஒலியில் கரைந்துபோன ஒருவரைத் தன் தொழிலில் கண்டதில்லை என்று வைத்தியர் மைக்கில் தழுதழுத்தார். எச்.ஆர். மேடம் கேடயத்தைக் கையில் கொடுத்து, "எப்படி சார் இருந்துச்சு சவுண்ட் எல்லாம்?" என்று கேட்டார்.

அவர் வாங்கிக்கொண்டு கும்பிட்டார். "ஆமா மேடம், செகண்ட் ஷிப்டுதான்" என்றார்.